கொழும்பிலிருந்து மைல்களில் முதல் வகுப்பு: இருக்கையைப் பிடிக்கும் முழு வழி

முதல் வகுப்பில் ஏறுகிற எல்லாரும் லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏறுவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் மைல்களை, அதாவது பறந்தும் கார்டில் செலவழித்தும் சேர்த்த விமானப் புள்ளிகளை, கொடுத்து வந்தவராக இருக்கலாம், அந்த இடத்தில் நீங்களும் இருக்கலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை, ஒரு கார்ட் எடுத்தால் உடனே லட்சம் புள்ளி என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொழும்பில் இருந்துகொண்டு, ரூபாவில் சம்பளம் வாங்கி, இலங்கைக் கடவுச்சீட்டோடு பறப்பவருக்கு அதில் பாதி பொருந்தாது. நமக்கு மட்டும் இருக்கிற சில வசதிகளும் சில தடைகளும் அவற்றில் வருவதே இல்லை. அதனால்தான் இதைக் கட்டுநாயக்கவிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது: இருக்கையை முதலில் கண்டுபிடியுங்கள், புள்ளியை அப்புறம் நகர்த்துங்கள். வங்கிக் கார்டில் கிடக்கும் புள்ளியை ஒரு விமானக் கணக்குக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் அது திரும்பி வராது. வங்கியில் இருக்கும்வரை அது எந்த விமானத்துக்கும் போகக்கூடிய புள்ளி, மாற்றிய பிறகு ஒரே கதவுதான். நிறையப் பேர் ஆசையில் முதலில் மாற்றிவிட்டு, பிறகு இருக்கை இல்லை என்று தெரிந்து ஒரு வருடம் காத்திருக்கிறார்கள்.

முதலில், எங்கே முதல் வகுப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்ரீலங்கன் விமானங்களில் முதல் வகுப்பு இல்லை. பிஸ்னஸும் எகொனமியும்தான். கொழும்புக்கு வருகிற மற்றவர்களில் எமிரேட்ஸின் 777-300ஈஆர் விமானங்கள் சிலவற்றில் முதல் வகுப்பு உண்டு, சிலவற்றில் இல்லை. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் கொழும்புக்கு அனுப்பும் விமானங்களில் கிடையாது. அதனால் நம் கதை எப்போதும் இரண்டு கட்டம்: கொழும்பிலிருந்து ஒரு பெரிய நிலையத்துக்குப் போவது, அங்கிருந்து நீளமான பயணத்தில் முதல் வகுப்பில் ஏறுவது.

அந்த நிலையங்கள் எவை? டுபாயிலிருந்து எமிரேட்ஸ், அதன் ஏ380இல் முதல் வகுப்புக்கு 14 தனியறைகள், குளிக்கும் வசதியோடு. அபுதாபியிலிருந்து எதிஹாட், ஏ380இல் ஒன்பது. சிங்கப்பூரிலிருந்து சிங்கப்பூர் எயார்லைன்ஸ், புதிய ஏ380இல் ஆறே ஆறு சூட். ஹொங்கொங்கிலிருந்து கதே பசிபிக், 777-300ஈஆரில் ஆறு. டோக்கியோவிலிருந்து ஜப்பான் எயார்லைன்ஸ், ஏ350-1000இல் ஆறு. டோஹாவிலிருந்து கத்தார், ஏ380இல் மட்டும். பிராங்போர்ட், மியூனிக்கிலிருந்து லுப்தான்சா. இந்த எண்ணிக்கையைக் கவனியுங்கள். முழு விமானத்தில் ஆறு இருக்கை, அதில் பணம் கட்டி வாங்கக்கூடியவர்களுக்கு வைத்தது போக, மைலுக்கு விடுவது ஒன்றோ இரண்டோதான், சில நாட்களில் ஒன்றுமில்லை. குடும்பமாக நாலு பேர் ஒரே நாளில் முதல் வகுப்பில் போகலாம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். ஒருவர், அல்லது இரண்டு பேர். அதுதான் நடக்கக்கூடியது.

இன்னொரு விஷயம், எல்லா நிறுவனமும் தன் முதல் வகுப்பை எல்லாருக்கும் திறந்து விடுவதில்லை. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் நீண்ட தூர முதல் வகுப்புக்கு அதன் சொந்தத் திட்டமான கிரிஸ்பிளையர் மைல்தான் வேண்டும், ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கூட்டணியின் வேறு எந்தத் திட்டத்தில் மைல் வைத்திருந்தாலும் கதவு திறக்காது. சுவிஸ் நிறுவனம் தன் சொந்தத் திட்டத்தில் உயர் தர நிலை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தருகிறது. எமிரேட்ஸ் 2025இல் விதியை இறுக்கியது: அதன் ஸ்கைவர்ட்ஸ் திட்டத்தில் சில்வர் தரநிலை அல்லது அதற்கு மேலே இருந்தால்தான் மைல் கொடுத்து முதல் வகுப்பு எடுக்கலாம், மைலில் அப்கிரேட் செய்வதும் அப்படித்தான். சில்வருக்கு ஒரு வருடத்தில் 25,000 தரநிலை மைல், அல்லது 25 பயணம் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை டுபாய் வழியாகப் போய் வருபவருக்கு இது எட்டாது. வேலைக்காக மாதா மாதம் வளைகுடாவுக்குப் போய்வருபவர் என்றால் உங்களுக்குத்தான் எமிரேட்ஸ், மற்றவர்கள் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

எந்தக் கணக்கில் சேர்ப்பது

கொழும்பிலிருக்கும் ஒருவருக்கு நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று ஒன்வேர்ல்ட் கூட்டணி. ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் அதில் சேர்ந்தது, கதே, ஜப்பான் எயார்லைன்ஸ், கத்தார், பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், குவாண்டாஸ் எல்லாம் அதே குடும்பம். ஸ்ரீலங்கனில் பறந்துவிட்டு மைலை அதன் சொந்தத் திட்டமான பிளைஸ்மைல்ஸ் கணக்கில்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கூட்டணியில் இருக்கும் வேறு திட்டத்தின் எண்ணைக் கொடுத்தும் சேர்க்கலாம். ஏவியோஸ் என்ற மைல் நாணயம் இதில் நல்லது, ஏனென்றால் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், கத்தார், பின்எயார், ஐபீரியா என்று பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். லண்டனில் தம்பியோ மச்சானோ ஏவியோஸ் சேர்க்கிறார் என்றால் இன்னும் நல்லது.

இரண்டாவது கிரிஸ்பிளையர். ஒரே ஒரு காரணத்துக்காக இதை நான் அதிகம் சொல்வேன், அது விசா, கீழே விரிவாக வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு: தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2017இலேயே எடுத்துவிட்டது, வரி மட்டும் கட்டினால் போதும். வேறு பல நிறுவனங்களில் மைலையும் கொடுத்து, மேலே பல நூறு டொலரும் கட்ட வேண்டி வரும்.

கெடு விஷயத்தில் ஒவ்வொன்றும் வேறு. கிரிஸ்பிளையர் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும், நீங்கள் இடையில் பறந்தாலும் சரி பறக்காவிட்டாலும் சரி. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கணக்கில் ஏவியோஸ் 36 மாதம் அசைவே இல்லாவிட்டால்தான் போகும், இடையில் ஒரு சின்னச் சேர்ப்பு நடந்தால் திரும்பப் புதிதாகத் தொடங்கும். கதேயின் ஏசியா மைல்ஸ் 18 மாத அசைவின்மையில் போய்விடும். கணக்கு திறந்த அன்றே இதைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வைத்துவிடுங்கள்.

ஆறு திட்டத்தில் ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகச் சேர்ப்பதில் பிரயோசனம் இல்லை. இரண்டு போதும்.

மைல் எங்கிருந்து வரும்

நேர்மையாகச் சொன்னால், இலங்கைக் கார்ட் செலவை மட்டும் நம்பி முதல் வகுப்புக்குப் போவது நீண்ட வழி. கணக்குப் பாருங்கள். உங்கள் கார்ட் 200 ரூபாவுக்கு ஒரு மைல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம், மாதம் 150,000 ரூபா செலவு. மாதம் 750 மைல், வருடம் 9,000. லட்சம் மைல் இருக்கைக்குப் பதினொரு வருடம். அதற்குள் மைல் பாதி காலாவதியாகும், விலைப்பட்டியலும் கூடியிருக்கும்.

அதனால் கார்டை அன்றாடச் சாமானுக்கு மட்டும் என்று வைக்காமல், வாழ்க்கையில் எப்போதாவது வருகிற பெரிய செலவுகளுக்குக் குறி வையுங்கள்: கல்யாண மண்டபம், பிள்ளையின் பாடசாலைக் கட்டணம், வருடக் காப்புறுதித் தவணை, தனியார் ஆஸ்பத்திரி பில். எது எதற்கு உங்கள் வங்கி புள்ளி தராது என்பதை முன்கூட்டியே கேளுங்கள், எரிபொருள், மின்கட்டணம், தங்க நகை போன்றவற்றை விலக்கி வைக்கிற கார்டுகள் உண்டு. செட்டியார் தெருவில் நகைக்குக் கார்ட் நீட்டும்போது சில கடைகளில் மூன்று வீதம் கூட்டிக் கேட்பார்கள். 200 ரூபாவில் மூன்று வீதம் 6 ரூபா. அதாவது அந்த ஒரு மைலை 6 ரூபாவுக்கு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அது லாபமா நட்டமா என்று தெரிய, கீழே வரும் மைல் பெறுமதிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டால் இந்த விளையாட்டே வேண்டாம். கார்ட் வட்டி ஒரு மாதத்திலேயே சேர்த்த புள்ளியின் பெறுமதியைத் தின்றுவிடும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

வங்கியிடம் கேட்க வேண்டியது மூன்று: எந்தெந்த விமானத் திட்டத்துக்கு மாற்றலாம், எத்தனை புள்ளிக்கு எத்தனை மைல், மாற்ற எத்தனை நாள் எடுக்கும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் கழுத்தை அறுக்கும். மாற்றம் ஒரு கிழமை எடுக்கும் என்றால் இன்று கண்ட இருக்கை அன்றைக்கு இருக்காது.

இனி நமக்கு மட்டும் இருக்கும் பெரிய வசதி. கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்ணிலோ ஆள் இல்லாமல் இருப்பது அபூர்வம். அங்கே புள்ளி சேர்ப்பது இங்கேயைவிடப் பல மடங்கு வேகம். கனடாவில் இருக்கும் அக்காவின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் புள்ளி எயார் கனடாவின் ஏரோபிளான் திட்டத்துக்கு ஒன்றுக்கு ஒன்று மாறும், மெல்பேர்ணில் சித்தி வூல்வேர்த்ஸில் சாமான் வாங்கிச் சேர்க்கும் 2,000 புள்ளி 1,000 குவாண்டாஸ் புள்ளியாகும். பலர் அதை டோஸ்டருக்கோ பரிசுக் கார்டுக்கோ மாற்றிவிடுகிறார்கள், அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அம்மாவை ரொறன்ரோவுக்குக் கூப்பிடும்போது அவர்கள் கணக்கிலிருந்தே அம்மாவின் பெயரில் டிக்கெட் போடலாம். புள்ளியை உங்கள் கணக்குக்கு மாற்றவே தேவையில்லை, அப்படி மாற்றுவதற்குக் கட்டணமும் உண்டு.

யார் பெயரில் போடலாம் என்பதில் மட்டும் விதிகள் வேறு வேறு. ஏரோபிளானில் யாருக்கும் போடலாம். கிரிஸ்பிளையரில் முன்கூட்டியே பதிந்து வைத்த ஐந்து பேருக்குத்தான். குவாண்டாஸில் தகுதியான உறவுமுறைக்குள் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் எயார்வேய்ஸில் வீட்டுக் கணக்கு ஒன்றில் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டாருக்கும் பதிந்து வைத்த நண்பர் உறவினர் பட்டியலுக்கும் மட்டும். பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலையை இன்றே செய்யுங்கள், இருக்கை கண்டுபிடித்த இரவில் அல்ல.

மைலை நேரடியாக விலைக்கு வாங்குவதும் ஒரு வழிதான். ஏரோபிளான், அவியான்காவின் லைஃப்மைல்ஸ் போன்றவை அவ்வப்போது கூடுதல் மைல் சலுகையோடு விற்கும். ஒரு மைல் 2 அமெரிக்க சதம் என்றால் லட்சம் மைல் 2,000 டொலர். கணக்கில் குறைவதை மட்டும் நிரப்ப இது நல்லது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது உங்கள் வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

தரகர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்று பாதி விலைக்குச் சொல்வார்கள். உறுப்பினர் தன் மைலை இன்னொருவருக்கு விற்பது திட்டங்களின் விதிகளுக்கு எதிரானது, பிடிபட்டால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள், அது நீங்கள் திரும்பி வரும் நாளாகவும் இருக்கலாம்.

இருக்கை தேடுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். மைல் இருக்கை திறப்பதற்கு இரண்டு காலம் உண்டு, நடுவில் நீண்ட வறட்சி.

முதல் காலம், அட்டவணை திறக்கும் நாள். பிரிட்டிஷ் எயார்வேய்ஸும் சிங்கப்பூரும் 355 நாட்களுக்கு முன்னால் திறக்கின்றன, கதேயும் ஜப்பான் எயார்லைன்ஸும் 360 நாட்களுக்கு முன்னால். அதாவது அடுத்த வருடம் சித்திரையில் போக வேண்டுமென்றால் இந்த வருடம் சித்திரை முடிவதற்குள் உட்கார வேண்டும். அமெரிக்கன் எயார்லைன்ஸ் திட்டம் 331 நாள்தான் பார்க்கும், அதற்குள் கதேயின் சொந்த உறுப்பினர்கள் ஒரு மாதம் முன்னே போய்விடுவார்கள். எந்தத் திட்டத்தில் மைல் வைத்திருக்கிறீர்கள் என்பது எத்தனை மைல் என்பதைப் போலவே முக்கியமாவது இதனால்தான்.

இரண்டாவது காலம், புறப்பட இரண்டு கிழமைக்குள். விற்காமல் மிச்சமிருக்கும் இருக்கைகளைக் கடைசி நாட்களில் மைலுக்குத் தள்ளிவிடுவார்கள். ஜப்பான் எயார்லைன்ஸ் இப்படிச் செய்வது வழக்கம், லுப்தான்சா கூட்டாளித் திட்டங்களுக்குத் தன் முதல் வகுப்பைத் திறப்பதே கடைசி நாட்களில்தான். லீவு எடுப்பது எளிதான வேலையில் இருப்பவருக்கு, விசா ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு, இது மிக நல்ல காலம். செய்ய வேண்டியது: முன்னாலேயே ஒரு பிஸ்னஸ் இருக்கையை மைலில் போட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் முதல் வகுப்பு திறந்தால் அதற்கு மாறுங்கள், மாற்றும் கட்டணமும் ரத்துக் கட்டணமும் எவ்வளவு என்று பதிவு செய்யும்போதே பார்த்து வையுங்கள். பயணத்தையே கடைசி நாளின் அதிர்ஷ்டத்தில் விடாதீர்கள்.

எந்த மாதத்தில் தேடுவது என்பதில் நம் ஆட்களின் நடமாட்டத்தைக் கணக்கில் எடுங்கள். யூலை கடைசியிலும் ஆவணியிலும் நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் லண்டன், ரொறன்ரோ, பரிஸ், சூரிச் என்று எல்லா இடத்திலிருந்தும் இங்கே வருவார்கள், அந்தத் திசையில் எதுவும் கிடைக்காது. அதே நாட்களில் கொழும்பிலிருந்து வெளியே போகிறவருக்கு வாய்ப்பு கூட. திருவிழா முடிந்ததும் திசை மாறிவிடும். மார்கழியிலும் இதே கதை. போகும் பயணத்தையும் வரும் பயணத்தையும் தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகத் தேடினால் இது கைகொடுக்கும், ஒன்றில் முதல் வகுப்பு கிடைக்காவிட்டால் அதைப் பிஸ்னஸில் போட்டுவிட்டு மற்றதைப் பிடிக்கலாம்.

தேடும்போது கொழும்பிலிருந்து ரொறன்ரோ என்று ஒரே அடியாகத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று வரும். முதலில் நீளமான கட்டத்தை மட்டும் தேடுங்கள்: சிங்கப்பூர்–லண்டன், ஹொங்கொங்–லொஸ் ஏஞ்சலஸ், டோக்கியோ–நியூயோர்க். அது கிடைத்த பிறகு, கொழும்பிலிருந்து அந்த நிலையத்துக்கு அதே டிக்கெட்டில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள், இணையத்தளம் சேர்க்காவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள், இரண்டு கட்டத்திலும் இருக்கை திறந்திருக்கிறது என்று விமான எண்ணோடு சொன்னால் முகவர் கையால் சேர்த்துத் தருவார். சீட்ஸ்.ஏரோ, பாயிண்ட்ஸ்யா போன்ற தேடுதளங்கள் பல திட்டங்களை ஒரே தடவையில் பார்க்கும், எக்ஸ்பர்ட்பிளையரில் குறிப்பிட்ட விமானத்துக்கு அறிவிப்பு வைக்கலாம். ஆனால் அவை காட்டுவதெல்லாம் அந்த நிமிடத்து உண்மை என்று நினைக்காதீர்கள். மைலை மாற்றுவதற்கு முன் அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில், கட்டணப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அதுவரை போய், வரித் தொகையும் தெரிந்தால்தான் இருக்கை உண்மையில் இருக்கிறது.

கிரிஸ்பிளையரில் ஒரு கூடுதல் வசதி, இருக்கை இல்லாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம். சேவர் என்ற குறைந்த மைல் விலைக்குப் பட்டியலில் போட்டுவிட்டு, அதே நாளில் அட்வான்டேஜ் விலைக்கு இருக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்வான்டேஜுக்கு மைல் நிறையப் போகும். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் மாதிரி நாளை மாற்றவே முடியாத பயணம் என்றால் மட்டும் அதைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பல கட்ட டிக்கெட்டில் மேலே "முதல் வகுப்பு" என்று பெரிதாகப் போட்டிருக்கும், உள்ளே திறந்து பார்த்தால் நீளமான கட்டம் பிஸ்னஸ், ஒரு மணி நேரக் கட்டம் மட்டும் முதல் வகுப்பு. ஒவ்வொரு கட்டத்தின் வகுப்பையும் விமான வகையையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டும் இடைத்தங்கலும்

வெளிநாட்டு வழிகாட்டிகளை நம்பிப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். நல்ல முதல் வகுப்பு இருக்கை கிடைத்த நகரம் உங்களை உள்ளே விடுமா என்பதை இருக்கைக்கு முன்னால் பாருங்கள்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு கட்டமும் இருந்தால், பெட்டி நேராகப் போய்விடும், டுபாய், டோஹா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் நீங்கள் உள்ளேயே இருந்து மாறலாம். ஆனால் பிராங்போர்ட்டில் அப்படி இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே இடைத்தங்கல் விசா வேண்டும். கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசாவோ ஷெங்கன் விசாவோ செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு, அதனால் கனடா விசாவோடு ரொறன்ரோ போகிறவருக்குப் பிரச்சினை இல்லை. பிராங்போர்ட்டில் லுப்தான்சா முதல் வகுப்புப் பயணிகளுக்கென்றே 2004இல் கட்டிய தனி முனையத்துக்குள் போக ஆசை என்றால், அது குடிவரவுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே போக ஷெங்கன் விசாவே வேண்டும். லண்டன் வழியாக மாறுவதற்கும் நமக்கு இடைத்தங்கல் விசா விதி இருக்கிறது. அமெரிக்காவில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவது என்ற ஏற்பாடே இல்லை, முழுமையாகக் குடிவரவைக் கடக்க வேண்டும், விசா இல்லாமல் அமெரிக்க நகரத்தை இடையில் வைக்கவே வேண்டாம்.

இரண்டு தனி டிக்கெட் என்றால் இன்னும் கடினம். முதல் நிறுவனம் பெட்டியை இறுதி வரை போட மறுக்கலாம், நீங்கள் வெளியே வந்து பெட்டி எடுத்துத் திரும்ப உள்ளே போக வேண்டும், அதற்கு அந்த நாட்டின் விசா வேண்டும். ஹொங்கொங், டுபாய், ஜப்பான் மூன்றுக்கும் நமக்கு விசா தேவை. டோக்கியோவில் இன்னொரு சிக்கல்: ஸ்ரீலங்கன் இறங்குவது நரிட்டாவில், ஜப்பான் எயார்லைன்ஸின் ஏ350-1000 நியூயோர்க்குக்குப் புறப்படுவது ஹனேடாவில். இரண்டுக்கும் நடுவில் நகரத்தைக் கடந்து போக வேண்டும், விசா இல்லாமல் முடியாது.

சிங்கப்பூருக்கு இலங்கையருக்குச் சுற்றுலா விசா வேண்டாம். வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். அதனால் கொழும்பு–சிங்கப்பூர் ஒரு தனி டிக்கெட்டில், சாதாரண எகொனமியில்கூட, முந்தைய நாளே போய் இறங்கி, ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் ஏ380 சூட்டில் ஏறலாம். முதல் விமானம் தாமதித்தாலும் மனம் பதற வேண்டியதில்லை. கிரிஸ்பிளையரை மேலே அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, நமக்கு இது முதல் கேள்வி. விசா விதிகள் மாறும், டிக்கெட்டுக்கு முன் அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

கொடுக்கிற மைல் பெறுமதியானதா

ஒரு எளிய கணக்கு. பணத்துக்கு வாங்கினால் என்ன விலையோ, அதில் மைல் டிக்கெட்டுக்குக் கட்டும் வரியைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் பிரியுங்கள். உதாரணத்துக்கு, விலை 900,000 ரூபா, வரி 120,000, மைல் 130,000 என்றால், 780,000ஐ 130,000ஆல் பிரித்தால் மைலுக்கு 6 ரூபா. அதே பயணம் பிஸ்னஸில் 520,000 ரூபா, வரி 120,000, மைல் 80,000 என்றால் மைலுக்கு 5 ரூபா.

முதல் வகுப்பு கணக்கில் வென்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த 900,000 ரூபாவை நீங்கள் ஒருநாளும் கையிலிருந்து கட்டியிருக்க மாட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கூடுதலாகப் போகும் அந்த 50,000 மைலுக்கு வேறு என்ன செய்திருப்பீர்கள்? அதோடு இன்னும் 30,000 சேர்த்து அப்பாவைப் பிஸ்னஸில் கூட்டிப்போகலாம் என்றால், முழங்கால் வலியோடு பதினாலு மணி நேரம் உட்காரும் அவருக்குப் படுத்துப் போக ஒரு இருக்கை கிடைக்கும் என்றால், நான் அதைத்தான் செய்யச் சொல்வேன். அப்படி வேறு தேவை இல்லை, வாழ்க்கையில் ஒருமுறை அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்றால், தயங்காமல் முதல் வகுப்பை எடுங்கள். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அதை நீளமான, இரவுப் பயணத்தில் எடுங்கள். கொழும்பு–டுபாய் நாலரை மணி நேரத்துக்கு முதல் வகுப்பு மைலைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சாப்பிட்டு முடித்துக் கண் அசருவதற்குள் இறக்கிவிடுவார்கள்.

வரியையும் கவனியுங்கள். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்குப் பயணிகள் வரி உண்டு, பிஸ்னஸ், முதல் வகுப்புக்கு அது எகொனமியைவிட அதிகம். அதனால் லண்டனுக்குப் போகும்போது முதல் வகுப்பு, திரும்பும்போது எகொனமி என்று வைத்தால் பணம் மிஞ்சும். பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் தன் மைல் டிக்கெட்டுக்கு மேலே சேர்க்கும் கட்டணம் கனமானது, ஏரோபிளானும் லைஃப்மைல்ஸும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை.

பதிவு செய்யும் நாள்

இருக்கை கட்டணப் பக்கம் வரை வந்துவிட்டது, விசா சரி, கணக்கு சரி. இப்போதுதான் வங்கிப் புள்ளியை மாற்றுகிறீர்கள். மாற்றம் நாளெடுக்கும் என்றால், அந்தத் திட்டம் இருக்கையைச் சில நாள் பிடித்து வைக்குமா என்று தொலைபேசியில் கேளுங்கள், சில திட்டங்கள் செய்யும். பிடித்து வைக்காது என்றால், தேவைப்படும் மைலில் பெரும்பகுதியை முன்பே அந்தக் கணக்கில் வைத்திருந்து, குறைவதை மட்டும் உடனே வாங்கி நிரப்புவது பாதுகாப்பு.

பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம் பெயர்களில் அப்பாவின் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதுமாக ஆளுக்கு ஒரு மாதிரி, விமானக் கணக்கில் ஒன்றும் கடவுச்சீட்டில் ஒன்றுமாக இருந்தால் முதலில் கணக்கைத் திருத்துங்கள். திருத்தச் சில நாட்கள் எடுக்கும், அதனால் இதுவும் இன்றைய வேலைதான்.

பதிவானதும் முன்பதிவு எண் வரும். அது போதாது, 13 இலக்க டிக்கெட் எண்ணும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டாளி விமானம் என்றால் அந்த நிறுவனத்தின் தனி முன்பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, அவர்களுடைய தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் இருக்கை தெரிந்தால்தான் நிம்மதி.

பதிவுக்குப் பிறகு

பத்து மாதத்துக்கு முன் போட்ட டிக்கெட் என்றால் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நேரம் மாறும், விமானமே மாறும். முதல் வகுப்பு உள்ள விமானத்தை எடுத்துவிட்டு இல்லாததைப் போட்டால் உங்களைப் பிஸ்னஸுக்கு இறக்கிவிடுவார்கள், மின்னஞ்சல் வரலாம், வராமலும் போகலாம். அப்படி நடந்தால் உடனே ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் முதல் வகுப்பு இருக்கும் வேறு நாள் அல்லது வேறு விமானம் எது என்று நீங்களே பார்த்து வைத்துக்கொண்டு, டிக்கெட் போட்ட திட்டத்தைக் கூப்பிட்டு, அதற்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றம் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது என்பதால் கட்டணமில்லாமல் மாற்றுவார்கள், கிடைக்காவிட்டால் இரண்டு வகுப்புக்கும் இடையிலான மைலைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு முகவர் முடியாது என்றால் மரியாதையாக வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மீண்டும் கூப்பிடுங்கள், அடுத்தவர் செய்து தருவது சகஜம்.